பரணில் கிடக்கும் பழைய பிரிண்ட்அவுட்: எந்த இயந்திரம், எந்த ஊர், எந்த வருடம்?



சென்ற போகிக்கு முந்தைய வாரம் பி பிளாக்கில் ஒரு வீட்டில் வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தார்கள். உடைந்த மர்ஃபி ரேடியோ, பித்தளைக் குடம், பழைய வார இதழ்கள் இவற்றோடு சணல் கயிற்றால் கட்டிய நான்கு காகிதக் கட்டுகளும் இறங்கின. பழைய பேப்பர்காரர் தராசோடு கீழே காத்திருந்தார். காகிதத்தின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் ஆபரேட்டராக வேலை பார்த்தவன் நான். அந்தத் துளைகளைப் பார்த்த பிறகு என்னால் சும்மா போக முடியவில்லை. அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டு, கட்டுகளை இரண்டு நாட்கள் என் வீட்டில் வைத்துக்கொண்டேன்.

“எல்லாம் அவர் வைத்திருந்த குப்பை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று பேரனுக்குக் கணக்குப் போடக் கொடுத்தேன், மீதி இதுதான்” என்றார் அந்த அம்மா. கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கட்டு இருக்கலாம். அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை கல்லூரியிலோ, ஆராய்ச்சிக் கூடத்திலோ, அரசு நிறுவனத்திலோ, வெளிநாட்டிலோ வேலை பார்த்த பெரியவர்கள் இல்லாத குடியிருப்பு உண்டா? அந்தக் காகிதம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு ஸ்கேல், ஒரு பூதக்கண்ணாடி, கொஞ்சம் பொறுமை இருந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதற்கான வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில்: இது தந்தியா, கம்ப்யூட்டரா?

நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் மேலே போக முடியாது. 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனம் நம் கிண்டியில்தான் இருந்தது. இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு அங்கே டெலிபிரிண்டர்கள் தயாராகின. அவை தந்தி அலுவலகங்களிலும் டெலக்ஸ் இணைப்புகளிலும் ஓடின. எனவே சுருள் காகிதத்தில் பெரிய எழுத்து ஆங்கிலம் இருந்தாலே அது கம்ப்யூட்டர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தந்தி வலையில் ஒரு செய்தி தொடங்கும்போது ‘இசட் சி இசட் சி’ என்றும் முடியும்போது நான்கு ‘என்’ எழுத்துகளும் அடிக்கும் வழக்கம் உண்டு. அப்படி இருந்தால் அது தந்திச் செய்தி. கூடவே துளையிட்ட காகித நாடா இருந்தால் இன்னும் சுலபம். நாடாவின் குறுக்கே ஒரு வரிசையில் அதிகபட்சம் ஐந்து துளைகள் என்றால் தந்தி அல்லது டெலக்ஸ். எட்டுத் துளைகள் வரை போகும் ஓர் அங்குல அகல நாடா என்றால் பெரும்பாலும் கம்ப்யூட்டர். எண்ணும்போது நாடாவை நகர்த்துவதற்கான சின்னத் துளையைச் சேர்க்கக் கூடாது.

ஸ்கேலை எடுங்கள்

திரை என்பதே அரிதாக இருந்த காலத்தில், கம்ப்யூட்டரோடு பேச டெலிடைப் என்னும் தட்டச்சு இயந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். இவற்றில் மிகப் பரவலானது 1963இல் வந்த டெலிடைப் மாடல் 33. அதன் காகிதம் சுமார் எட்டரை அங்குல அகலமுள்ள சுருள். ஒரு வரியில் 72 எழுத்துகள், ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்துகள். வேகம் நொடிக்குப் பத்து எழுத்துதான். ஆங்கிலச் சிறிய எழுத்துகள் அதில் கிடையாது. உங்கள் கையில் உள்ள குறுகலான காகிதத்தில் சிறிய எழுத்துகள் இருந்தால் அது மாடல் 33 அல்ல. அதற்குப் பிறகு வந்த மாடல் 37 போன்ற வேறொன்றாக இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மனிதர் அடித்ததும் இயந்திரம் பதில் சொன்னதும் ஒரே காகிதத்தில் விழும். அடித்தவர் செய்த பிழை, திருத்தம், இயந்திரத்தின் கோபமான மறுமொழி எல்லாம் வரிசையாக இருக்கும். ஓர் உரையாடலைப் படிப்பதுபோல அதைப் படிக்கலாம்.

காகிதம் சுமார் 15 அங்குல அகலத்தில், இருபுறமும் அரை அங்குல இடைவெளியில் துளைகளோடு, விசிறிபோல மடிந்து மடிந்து வந்தால் அது பெரிய லைன் பிரிண்டருக்கானது. நம் ஊரில் ‘132 காலம் ஸ்டேஷனரி’ என்று சொல்வோம். ஒரு வரியில் 132 எழுத்துகள் கொள்ளும். இளம்பச்சைப் பட்டைகள் போட்ட காகிதமும் இந்த வகைதான். ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் காகிதம் அச்சடித்த நிறுவனத்தின் பெயரோ படிவ எண்ணோ இருக்கிறதா பாருங்கள். காகிதம் எந்த நாட்டில் தயாரானது என்பதை அது சொல்லிவிடும்.

பூதக்கண்ணாடியை எடுங்கள்

எழுத்து புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா? அப்படியானால் அது டாட் மேட்ரிக்ஸ். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் டெக்ரைட்டர் எல்.ஏ.30 1970இலும், 132 எழுத்து அகலமுள்ள எல்.ஏ.36 1974இலும் வந்தன. புள்ளி எழுத்தைக் கண்டால் எழுபதுகளுக்கு முன் போக வேண்டியதில்லை. பின்னாளில் நம் கடைகளின் பில் கவுண்டர்களில் கீச்சிட்டுக்கொண்டிருந்தது இதே குடும்பம்தான்.

எழுத்து முழுசாக, ரிப்பன் மையில் அடித்ததுபோல இருக்கிறதா? இப்போது ஒரு வரியை மட்டும் கூர்ந்து பாருங்கள். எழுத்துகள் சில மேலே ஏறியும் சில கீழே இறங்கியும் வரி அலைபோல நெளிந்தால் அது டிரம் பிரிண்டர். வரி நேராக இருந்து, எழுத்துகளுக்கு இடையே உள்ள இடைவெளி மட்டும் கூடிக் குறைந்தால் அது செயின் பிரிண்டர்.

காரணம் எளிது. டிரம் பிரிண்டரில் எழுத்துகள் உருளையின் மேல் இருக்கும். உருளை சுழலும்போது எழுத்து மேலிருந்து கீழாக நகர்ந்துகொண்டே இருக்கும். சுத்தியல் இம்மி பிந்தினாலும் எழுத்து மேலோ கீழோ விழும். செயின் பிரிண்டரில் எழுத்துகள் சங்கிலிபோலக் கிடையாக ஓடும். அங்கே சுத்தியல் பிந்தினால் எழுத்து பக்கவாட்டில்தான் விலகும். நம் கண் நெளியும் வரியைச் சட்டென்று பிடித்துவிடும், இடைவெளிக் கோளாறை அவ்வளவாகக் கவனிக்காது. 1959இல் வந்த ஐ.பி.எம். 1403 செயின் பிரிண்டரின் அச்சு இன்றும் பார்க்க அழகாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அது நிமிடத்துக்கு 600 வரிகள் அடிக்கும். அந்த அறையில் நின்றவர்களுக்குக் காது அடைத்துப்போகும்.

எழுத்துகள் சொல்லும் சாட்சி

அடுத்து, என்னென்ன குறிகள் அச்சாகியிருக்கின்றன என்று பாருங்கள். 1963இல் வெளியான ஆஸ்கி எழுத்துத் தொகுப்பில் மேல்நோக்கிய அம்பும் இடதுநோக்கிய அம்பும் இருந்தன. 1967 திருத்தத்தில் அந்த இடங்களுக்குக் கூரைக் குறியும் அடிக்கோடும் வந்தன. ஆனால் பழைய டெலிடைப்புகள் அதன்பிறகும் பல வருடங்கள் அம்புகளையே அடித்துக்கொண்டிருந்தன. பேசிக் நிரலில் அடுக்கு எழுதும் இடத்தில் மேல் அம்பு இருந்தால், அது மாடல் 33 போன்ற டெலிடைப்பில் அடித்தது என்பதற்கு நல்ல சாட்சி. பேசிக் மொழி அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் ஆகிய இரு பேராசிரியர்களின் முயற்சியில் 1964 மே மாதம் முதன்முதலாக ஓடியது. எனவே பேசிக் நிரல் உள்ள எந்தக் காகிதமும் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

வரிகளின் தொடக்கத்தில் இரண்டு சாய்கோடுகள் ( // ) வருகின்றனவா? அது ஐ.பி.எம். சிஸ்டம் 360 அல்லது 370 குடும்பத்தின் வேலைக் கட்டளையாக இருக்க வாய்ப்பு அதிகம். வரித் தொடக்கத்தில் ஒற்றைப் புள்ளி மட்டும் இருந்து அதன்பின் ஒருவர் கட்டளை அடித்திருந்தால், டெக் நிறுவனத்தின் பி.டி.பி.10 போன்ற இயந்திரங்களை நினைக்கலாம்.

பக்கம் பக்கமாக எண்கள் மட்டும் இருந்தாலும் சோர்ந்துவிடாதீர்கள். அது நினைவகத்தை அப்படியே கொட்டிய ‘டம்ப்’. எண்களுக்கு நடுவே ஏ முதல் எஃப் வரை எழுத்துகள் கலந்து, எட்டெட்டாகக் கட்டியிருந்தால் ஐ.பி.எம். 360 அல்லது 370 குடும்பமாக இருக்கலாம். எட்டும் ஒன்பதும் எங்குமே வராமல், பூஜ்யம் முதல் ஏழு வரை மட்டும் இருந்தால் அது எண்ம முறை. அப்போது ஒரு தொகுதியில் எத்தனை இலக்கம் என்று எண்ணுங்கள். நான்கு என்றால் பி.டி.பி.8, ஆறு என்றால் பி.டி.பி.11, பன்னிரண்டு என்றால் பி.டி.பி.10 அல்லது ஐ.பி.எம். 7090 வகை, பதினாறு என்றால் 1964இல் மும்பை டாட்டா ஆராய்ச்சிக் கழகத்துக்கு வந்த சி.டி.சி. 3600 போன்றது, இருபது என்றால் சி.டி.சி. 6600 வகை. இயந்திரத்தின் ‘சொல்’ எத்தனை பிட் என்பதை வைத்து இந்தக் கணக்கு வருகிறது. ஓர் எண்ம இலக்கத்துக்கு மூன்று பிட்.

அச்சான இடம் வேறு, ஓடிய இடம் வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு நிரல் எந்த இயந்திரத்துக்காக எழுதப்பட்டதோ அதே இயந்திரத்தில்தான் அச்சாகியிருக்கும் என்று நினைத்தால் தவறிவிடுவோம். மைக்ரோசாஃப்டின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2025இல் பில் கேட்ஸ், 1975இல் தானும் பால் ஆலனும் மான்டி டேவிடாஃபும் எழுதிய ஆல்டேர் பேசிக் நிரலின் பிரிண்ட்அவுட்டை எல்லோரும் பார்க்க வெளியிட்டார். ஆல்டேர் ஒரு சின்னப் பெட்டி, அதில் இன்டெல் 8080 சில்லு இருந்தது. ஆனால் அந்த நிரலை எழுதியதும் சோதித்ததும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெரிய பி.டி.பி.10 இயந்திரத்தில். காகிதத்தில் இருப்பதும் அந்தப் பெரிய இயந்திரத்தின் கைரேகைதான். எனவே ‘எதற்காக எழுதியது’, ‘எங்கே அச்சானது’ என்று இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காகிதம் மட்டுமே காப்பாற்றிய கதைகள்

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு கதைகள் சொல்கிறேன்.

1971இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்னும் பயிற்சி ஆசிரியர், குடியேறிகள் மாட்டு வண்டியில் மேற்கே போன வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு விளையாட்டை யோசித்தார். நண்பர்கள் பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் இருவரும் சேர்ந்து அதை பேசிக் மொழியில் எழுதித் தந்தார்கள். மாணவர்கள் டெலிடைப்பில் அதை ஆடினார்கள். பயிற்சிக் காலம் முடிந்ததும் நிரலைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டார்கள். ஆனால் அழிப்பதற்கு முன் ராவிட்ச் அதைக் காகிதத்தில் அடித்து எடுத்துக்கொண்டார். 1974இல் மினசோட்டா மாநிலத்தின் கல்விக் கணினி அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒரு விடுமுறையில் உட்கார்ந்து அந்தச் சுருளைப் பார்த்து சுமார் 800 வரிகளையும் மறுபடி தட்டச்சு செய்தார். அதுதான் பின்னாளில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஆடிய ‘ஆரிகன் டிரெயில்’. அந்தச் சுருள் பழைய பேப்பரில் போயிருந்தால் விளையாட்டும் போயிருக்கும்.

இரண்டாவது, எலைசா. மனிதரோடு உரையாடும் நிரல்களுக்கெல்லாம் பாட்டி அது. எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் அதைப் பற்றி 1966இல் கட்டுரை வெளியிட்டார் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.). அதன் பிறகு உலகமெங்கும் சுற்றியவை பிறர் வேறு மொழிகளில் திருப்பி எழுதிய நகல்கள். மூல நிரல் எங்கே என்று பல பத்தாண்டுகள் தெரியாமலே இருந்தது. 2021இல் எம்.ஐ.டி. ஆவணக் காப்பகத்தில் வைசன்பாமின் பெட்டிகளைத் தேடியபோது காகித பிரிண்ட்அவுட்டாக அது கிடைத்தது. அது மேட்-ஸ்லிப் என்னும் மொழியில் இருந்தது. ஆர்வலர்கள் அதைத் தட்டச்சு செய்து, விடுபட்ட பகுதிகளை எழுதிச் சேர்த்து, பழைய ஐ.பி.எம். 7094 இயந்திரத்தைப்போல நடிக்கும் மென்பொருளில் 2024 டிசம்பரில் ஓடவைத்தார்கள். ஏறத்தாழ அறுபது வருடத் தூக்கத்துக்குப் பிறகு அது பேசியது.

இரண்டிலும் பொதுவான ஒன்றைக் கவனித்தீர்களா? வட்டும் நாடாவும் காப்பாற்றவில்லை. யாரோ ஒருவர் தூக்கிப் போட மனமில்லாமல் வைத்த காகிதம்தான் காப்பாற்றியது.

பி பிளாக் கட்டுக்கு வருவோம்

அந்த நான்கு கட்டுகளையும் மேலே சொன்ன வரிசையில் பார்த்தேன். அகலக் காகிதம், 132 எழுத்து, முழு எழுத்து. வரி நேராக இருந்தது, இடைவெளி மட்டும் சற்றே ஒழுங்கில்லை, ஆகவே செயின் பிரிண்டர். முதல் பக்கத்தில் இரட்டைச் சாய்கோடு, ஆகவே ஐ.பி.எம். 360 அல்லது 370. அடுத்த பக்கத்தின் தலைப்பில் ‘ஃபோர்ட்ரான் நான்கு, ஜி லெவல் 21’ என்றும் தேதி 75183 என்றும் இருந்தது. இது ஐ.பி.எம். தேதி எழுதும் முறை. முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள். 1975ஆம் வருடத்தின் 183ஆம் நாள், அதாவது ஜூலை 2.

காகிதம் இதுவரை சொல்லும். எந்த ஊர் என்பதற்கு மனிதரின் சாட்சி வேண்டும். அம்மாவிடம் கேட்டபோது அலமாரியிலிருந்து கணவரின் பட்டச் சான்றிதழை எடுத்து வந்தார். சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சிப் பட்டம். 1973இல் ஜெர்மனியின் உதவியோடு அங்கே ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது. அந்நாளில் நாட்டின் பெரிய கணினிகளில் அதுவும் ஒன்று. காகிதமும் சான்றிதழும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன.

அந்த ஜூலை மாதக் கட்டின் கடைசிப் பக்கத்தில் ‘322’ என்ற முடிவுக் குறி இருந்தது. கொடுத்த நேரத்துக்குள் கணக்கு முடியாததால் இயந்திரமே நிறுத்திவிட்டது என்று அதற்குப் பொருள். பக்கத்தில் பென்சிலால் ஒரு பெரிய கேள்விக்குறி. அம்மாவிடம் தேதியையும் இதையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “அந்த வருஷம் ஆவணியில்தான் எங்கள் கல்யாணம். முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால்தான் ஊருக்கு வந்து சேர்ந்தார். வந்தவரும் புரோகிராம் ஓடவில்லை, புரோகிராம் ஓடவில்லை என்றே புலம்பிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு ஏதோ குறை என்று எங்கள் அத்தை பயந்துபோய்விட்டாள்.”

நான்காவது கட்டின் தேதி 75261. செப்டம்பர் 18, கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில். முடிவுக் குறி 0000. அதாவது, பிழையில்லாமல் ஓடி முடிந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் மட்டும்.

அந்தக் கட்டுகள் இப்போது பரணுக்குப் போகவில்லை, பேப்பர் கடைக்கும் போகவில்லை. கூடத்து அலமாரியில், சான்றிதழ் பக்கத்தில் இருக்கின்றன. பேரனுக்குக் கணக்குப் போட வேறு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

உங்களுக்குச் சில வேண்டுகோள்கள்

கட்டைப் பிரிக்கும் முன் எந்த வரிசையில் இருந்ததோ அப்படியே படம் எடுத்துவிடுங்கள். மடிப்புகளைக் கிழித்துத் தனித்தனித் தாளாக்க வேண்டாம். ஓரத் துளைப் பட்டையையும் கிழிக்காதீர்கள், அதுவும் சாட்சிதான். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். ரப்பர் பேண்டும் துருப்பிடித்த கிளிப்பும் இருந்தால் எடுத்துவிட்டுப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண் வெயிலில் கொதிக்கும், மழையில் ஓதம் ஏறும். அங்கே வைக்காமல் அலமாரியின் நடுத்தட்டில் படுக்கையாக வையுங்கள். வழவழப்பான வெப்பக் காகிதத்தில் அச்சாகியிருந்தால் எழுத்து மங்கிக்கொண்டே போகும், உடனே படம் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. சம்பளப் பட்டியல், மருத்துவ விவரம், மதிப்பெண் பட்டியல் போன்றவை அச்சான காகிதம் என்றால் அதைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அதில் உள்ளவர்கள் இன்றும் இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்பது. எந்த இயந்திரம் என்பதைக் காகிதத்தை வைத்து நாளையும் கண்டுபிடித்துக்கொள்ளலாம். யார், எதற்காக, எந்த நிலைமையில் அதை ஓட்டினார் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக் கட்டோடு சேர்த்து வையுங்கள்.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கேலும் பூதக்கண்ணாடியுமாக வந்துவிடுகிறேன். காபி கொடுத்தால் போதும்.